பேலோர்

"வண்டியில ஒரு கவர் கீது. நீதான் ஏதேதோ போடுவியே, போட்டுடு"
என்று என் ஜெராக்ஸ் கடை மேசையில் வைத்துவிட்டு
காட்பாடி சவாரிக்குப் போய்விட்டார் முனவ்வர் பாய்.

பழுப்பு உறை. உள்ளே ஒரு நெஞ்சுப் படம்.
சுபலா மண்டல், வயது ஐம்பத்திரண்டு.
போன் நம்பர் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
டீக்கறை.

போட்டேன்.
உறையை மட்டும் படமெடுத்து
பெயரில் பாதியைக் கட்டைவிரலால் மறைத்து
கீழே முப்பது ஹேஷ்டேக்,
மண்டப வாசலுக்கு சீரியல் பல்பு கட்டுகிறவன் மாதிரி:
#வேலூர் #வேலூர்கோட்டை #வேலூர்பிரியாணி
#வைரல் #டிரெண்டிங் #மனிதநேயம்
#திங்கட்கிழமை #நல்லதேநடக்கும்
(அன்று புதன்.)

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினான்கு இதயங்கள்.
பரமத்தி வேலூரிலிருந்து ஒருவர்,
"இது எந்த வேலூர்? நம்ம வெற்றிலை வேலூரா?"
ஒரு பிரியாணிக் கடை, "இன்பாக்ஸ் வாங்க சிஸ்டர்."
நாலு பேர் கும்பிட்ட கை.
கோட்டைக்கு ராசா இல்லை, ஆற்றுக்குத் தண்ணி இல்லை என்று
தாத்தன் காலத்துக் கிண்டலை
இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி ஒருவர்.
தேடுகிற ஆளைத் தவிர எல்லாரும் வந்தார்கள்.

#தொலைந்த எக்ஸ்ரே என்று
நடுவே ஒரு இடம் விட்டிருந்தேன்.
நீலம் 'தொலைந்த' வரைக்கும் வந்து நின்றுவிட்டது.
எக்ஸ்ரே கறுப்பாய், தனியாய்,
யாருக்கும் சொந்தமில்லாமல்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு யோசித்தேன்.
இதெல்லாம் எனக்குப் பிடித்த சொற்கள்.
தொலைத்தவர்கள் என்ன சொல்லித் தேடுவார்கள்?
ராத்திரி ஏழு மணிக்கு, லாட்ஜ் அறையில்,
பையை மூன்றாவது தடவை கொட்டிப் பார்த்தவர்கள்
மனிதநேயம் என்றா தட்டுவார்கள்?

பாபு ராவ் தெரு மெஸ்ஸில்
நிமாய் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான்.
தெரு பாதிக்கு கடுகெண்ணெய் வாசம்.
"இந்த ஊர் பேரை உங்க ஆளுங்க எப்படி எழுதுவாங்க?"
"பேலோர்" என்றான்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
என் போனில் தட்டிக் காட்டினான்:
ஒரு கொடி, அதில் காயப்போட்ட மாதிரி
தொங்கும் எழுத்துகள்.

பன்னிரண்டு வருஷமாக இந்தத் தெருவில் கடை.
என் ஊருக்கு இப்படி ஒரு பெயர்.
ரூம் வாடகை, ரத்தம், திரும்பிப்போக டிக்கெட்,
எல்லாம் இந்தப் பெயருக்குக் கீழேதான் கேட்பார்களாம்.
அப்படி ஒரு சனம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது,
நான் பிரியாணிப் பக்கம் நின்று கத்தியிருக்கிறேன்.

"இன்னும் ரெண்டு மூணு சொல்லேன்."
"போதும் தீதி. ஜாஸ்தி போட்டா
ஏதோ விக்கிறாங்கன்னு நினைப்பாங்க."

முப்பதையும் அழித்தேன்.
மனிதநேயத்தை அழிக்கும்போது கொஞ்சம் தயங்கினேன்,
பொய் சொல்வானேன்.
அந்த ஒரு சொல்லை மட்டும் ஒட்டினேன்.

பதினொன்று நாற்பதுக்கு போன். மகன்.
எனக்குத் தெரிந்த இந்தி
ஒரு பக்கம் ரெண்டு ரூபாய் என்பதோடு சரி.
அவன் பேசியதில் எனக்குப் புரிந்தது "மா".
நான் பேசியதில் அவனுக்குப் புரிந்தது "ஜெராக்ஸ்".

காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே நின்றிருந்தான்.
படத்தை உருவி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
விலா எலும்பும் முதுகெலும்பும்
குறுக்கும் நெடுக்குமாக
நான் நாள் பூரா தட்டுகிற அதே குறி.
அதற்குள் எங்கேயோ ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான்.
எனக்குக் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன.
தலையை ஆட்டினேன்.
அதைக் காட்டத்தான் ரெண்டு ராத்திரி ரயிலில் வந்திருக்கிறார்கள்.

எட்டரை மணிக்கு டோக்கனாம். ஓடினான்.
லைக் கூடப் போடவில்லை.

மத்தியானம் முனவ்வர் பாய் வந்தார்.
"ஆள் கெடச்சிச்சா?"
"வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு."
"எத்தினி லைக்கு?"
"ஆறு."
அதில் ரெண்டு நிமாயுடையது, ஒன்று அவன் பெண்டாட்டி போனிலிருந்து.
"அவ்ளோதானா" என்று கிக்கரை இழுத்தார்.
பின்சீட்டில் புதிதாக ஒரு குடும்பம்,
மடியில் பழுப்பு உறை.