ஒன்னுது

மஸ்கெலியாவில் மழை விட்ட நாலு மணி.
பிள்ளைக் காம்பராவிலிருந்து
யதுமிதாவைத் தூக்கி வருகிறேன்.
ஒற்றைச் செருப்பை நெஞ்சோடு அணைத்து
'ஒன்னுது' என்கிறாள்.

நான் கொடுத்த சொல்தான்.
'இந்தா, ஒன்னுது' என்று நீட்டியதெல்லாம்
அந்தப் பெயரிலேயே அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.
பிடுங்க வந்த கவிநாத்தைக் கடித்துவிட்டு
'ஒன்னுது! ஒன்னுது!' என்றே அழுதாளாம்.
சரி, தன்னுதுதான் போல என்று
மற்றதை அவன் கொண்டுபோய்விட்டான்.

தராசில் கொழுந்து. பதினெட்டு.
தண்ணிக்கென்று இரண்டைக் கழித்துவிட்டு
'இது யாருது?' என்றார் கணக்கப்பிள்ளை,
துண்டிலிருந்து தலை தூக்காமல்.
இடுப்பிலிருந்து எட்டிச் சாக்கைத் தொட்டு
'ஒன்னுது' என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும்.
திருத்தவா வேண்டாமா என்று
ஈரப் படங்கை உதறிக்கொண்டு
நின்றேன்.