வியாழக்கிழமைப் பஞ்சு

மாதம் அறுநூற்று எண்பது யூரோ.
மூன்று வருடமாக
வாடகைக்கும் மின்சாரத்துக்கும் நடுவில்
ஒரு வரியாகப் போய்க்கொண்டிருந்தது.
என்ன வாங்கினாய் என்று கேட்டிருந்தால்
ஒரு தொலைபேசி எண் என்றிருப்பேன்,
காத்திருக்கும்போது பியானோ வாசிக்கிற எண்.

நாங்கள் சலவைக்காரர்.
வூப்பர்டாலில், ஆற்றின்மேல் தொங்கிப்போகும் ரயில்
எங்கள் சன்னலில் நிழலாகிக் கடக்கும் இடம்.
ஒன்பது ஹோட்டல், இரண்டு முதியோர் இல்லம்,
நாளுக்கு இரண்டாயிரம் கிலோ வெள்ளை.
சர்வர் நின்றால்
எந்த விரிப்பு யாருடையது என்று
விரிப்புக்கும் தெரியாது.

நிற்கும். வியாழக்கிழமைகளில் நிற்கும்.
நிமலரூபன் வண்டியை உறுமவிட்டபடி வாசலில்.
நான் எண்ணை அழுத்துவேன், பியானோ கேட்பேன்,
பிறகு அந்தக் குரலோடு சண்டை பிடிப்பேன்.
அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்லும்.
போடுவேன். வேலை செய்யும்.
அதுதான் இன்னும் ஆத்திரம்.

மார்கழியில் கணக்காளர் சொன்னார்,
இவர்களை வெட்டிவிடலாமே, மலிவாக ஆள் இருக்கு.
வெட்டுவதற்காக ஒப்பந்தத்தைத் தேடினேன்.
பதினான்கு பக்க ஜெர்மன்,
கையெழுத்துப் போட்ட அன்றுகூட வாசிக்காதது.
ஒன்பதாம் பக்கத்தில் சின்ன எழுத்தில்:
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
நேரில் வந்து பார்ப்பது கட்டணத்தில் அடக்கம்.
பன்னிரண்டு வருகை.
காசு கட்டிவிட்டு
எடுத்துப்போக ஆள் வராத பன்னிரண்டு மூட்டை.

வந்தவள் பெயர் ஸ்வென்யா.
அதே குரல்தான். குரலுக்கு
மழையில் ஊறிய சப்பாத்து இருக்கும் என்று
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.
மடிக்கணினியைத் திறந்தாள்:
நாற்பத்தொரு தடவை அழைத்திருக்கிறீர்கள்,
இருபத்தொன்பது வியாழன்.
வியாழனில் இங்கே என்ன நடக்கிறது?

மூன்று வருடத்தில் எங்களைப் பற்றி
அவர்கள் கேட்ட முதல் கேள்வி.
நான் மட்டும் என்ன கேட்டேன்,
எப்போது சரிவரும் என்பதைத் தவிர.

வியாழன் துவாய் நாள்.
உலர்த்திகள் ஆறும் ஓடும். காற்றெல்லாம் பஞ்சு.
மாலைக்குள் யோகமலரின் புருவம் நரைத்துவிடும்.
உலர்த்திகளுக்குப் பின்னால், கதவில்லாத அலுமாரியில்
சர்வர்.
அதன் விசிறியிலிருந்து ஸ்வென்யா இழுத்தெடுத்தாள்:
சாம்பல் நிறம், பூனைக்குட்டி அளவு.
யோகமலர் சிரித்தாள்.
நான் இருபத்தொன்பதை
நிமலரூபனின் டீசலால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அலுமாரி மாடிக்குப் போனது, அரைநாள் வேலை.
தேத்தண்ணி குடித்தபடி அவள் கேட்டாள்,
காப்புப் பிரதியை ஒருதடவையாவது
திருப்பி எடுத்துப் பார்த்தீர்களா?
இருக்கு என்றேன்.
இருப்பது வேறு, திரும்பி வருவது வேறு என்றாள்.
எடுத்துப் பார்த்தோம்.
ஆவணியோடு நின்றிருந்தது.
எச்சரிக்கைகள் எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தன,
சித்திரையில் வேலையை விட்டுப்போன
எங்கள் பழைய கிளார்க்கின் பெட்டிக்கு.
அவர்கள் பிழையா எங்கள் பிழையா
என்று இரண்டு பேரும் கொஞ்சநேரம் கதைத்தோம்,
முடிவில்லாமல் விட்டோம்.
அடிவயிறு இன்னும் குளிர்கிறது.

அன்றிரவு நித்திரை வரவில்லை.
ஹோட்டல்காரர் எங்களை எப்போது அழைப்பார்கள்?
ஒயின் கறை போகாத அன்று.
நாங்களும் ஒரு எண்தான்,
கத்துவதற்கு.
திருமதி டெட்மரின் துவாய்கள்
ஏன் ஓரத்தில் மட்டும் கிழிகின்றன என்று
எனக்குத் தெரியும், எப்போதோ தெரியும்:
அவர்கள் தள்ளுவண்டியில் வளைந்த ஒரு கொக்கி.
அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.
புதுத் துவாய் வாங்கிக்கொண்டே இருந்தார்.

காலையில் அழைத்தேன்.
என்ன பிரச்சினை என்று பதறினார்.
ஒன்றுமில்லை,
உங்கள் வண்டியை ஒருக்கா வந்து பார்க்கலாமா?
அந்தப் பக்கம்
கொஞ்சநேரம் சத்தமில்லை.
பியானோகூட இல்லை.