திரும்பிப் படுத்த தெரு

நோட்டீசில் ‘புத்துயிர்’ என்று போட்டிருந்தது.
அப்படியானால் செத்துவிட்டோமா என்று கேட்டார்
மூக்குக்கண்ணாடிக் கடை குவீ.
அதிகாரி சிரித்தார்.
அவருக்கு மைலோ கொடுத்து அனுப்பினோம்.

கிளமெண்டியில் எங்கள் வரிசை பதினொரு கடை.
ஆறில் ஷட்டர் இறங்கிவிட்டது.
ஒன்றில், நகத்துக்குச் சாயம் பூசும் பெண்
தன் நகத்துக்கே பூசிக்கொண்டிருக்கிறாள்.
நான் நகலெடுப்பவள். பைண்டிங்கும் உண்டு.
பக்கத்துக்கு ஐந்து காசு.

முன்பெல்லாம் ஏப்ரல் வந்தால்
ஆய்வேடுகள் வாசலை இடித்துக்கொண்டு நிற்கும்.
நீல ரெக்சின், பொன்னெழுத்து.
விடிகாலை இரண்டு மணிக்கு எவனாவது
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தைக் காணோமென்று
என் தரையில் உட்கார்ந்து அழுவான்.
இப்போது ஆய்வேடு ஒரு சொடுக்கில் போய்விடுகிறது.
அழுகையை எங்கே வைத்துக்கொள்கிறார்களோ.
என்னிடம் வருவதெல்லாம்
பூனையைக் காணோம் என்ற அறிவிப்புதான்.

முதல் வருஷம் சுவரில் மீன்கொத்தி வரைந்தார்கள்,
இரண்டாள் உயரம்.
அழகுதான்.
மீன்கொத்தி எதுவும் வாங்கவில்லை.
அடுத்த வருஷம் வண்ண ஸ்டூல்கள்.
அதற்கடுத்து, கட்டடக்கலை மாணவர்கள்
மஞ்சள் ஒட்டுத்தாளோடு வந்து
உங்கள் கனவு என்ன என்றார்கள்.
தையல்கடை கக் ஜமிலா யோசித்து எழுதினார்:
கழிவறைக்கு பல்பு.

ஷுயான் என்பவள் மட்டும் எதுவும் ஒட்டவில்லை.
எம்ஆர்டி வாசலில் மூன்று காலை நின்று
தலைகளை எண்ணினாள்.
நாலாம் நாள் வந்து சொன்னாள்:
“ஆன்ட்டி, எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள்
ஆயிரத்து நானூறு பேர்
உங்கள் கடையை உரசிக்கொண்டு போகிறார்கள்.”
வாசலைப் பார்த்தேன்.
ஒரு புறா.
“இந்தப் பக்கம் இல்லை” என்றாள்.

பின்கதவு துருப்பிடித்திருந்தது.
இரண்டு பேரும் தோள் கொடுத்துத் திறந்தோம்.
அங்கே ஓடியது, கூரை போட்ட புது நடைபாதை,
ரயிலிலிருந்து பல்கலைக்கழக வாசல்வரை
நனையாமல் போகிற ஒரு ஆறு.
ஆறு வருஷமாக அதற்கு நாங்கள் காட்டியது
ஏர்கான் சொட்டும் தண்ணீர்,
காஸ் சிலிண்டர், தலைகீழாக ஒரு துடைப்பம்,
சிக்கந்தர் காயப்போட்ட லுங்கி.

முதலில் திரும்பியது அந்த லுங்கிக்காரர்தான்.
லுங்கியை எடுத்துவிட்டுக் குடைகளைத் தொங்கவிட்டார்.
கூரை வாசலோடு முடிந்துவிடும் என்பது
வானத்துக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.
முதல் மழையில் முப்பத்தேழு குடை.
குவீ ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினார்.
நேர்காணலுக்குப் போகிறவர்கள் நின்று தலை கோதினார்கள்;
இருவர், எழுத்து மங்குகிறது என்று உள்ளே வந்தார்கள்.
கக் ஜமிலா, நின்றபடியே ஜிப் மாற்றித் தந்தார்.

என் இயந்திரம் நகராது. அதுவும் என்னைப்போல.
கதவை மட்டும் திறந்து வைத்து
அட்டையில் எழுதினேன்:
கையெழுத்துப் போடவேண்டிய தாள் இங்கே கிடைக்கும்.
ஒற்றைத் தாள்களாக வந்தார்கள்.
வாடகை ஒப்பந்தம். மருத்துவ விடுப்பு.
படிப்பை நிறுத்துவதாக ஒரு கடிதம்;
அவனுக்கு மட்டும் மெதுவாக அச்சடித்தேன்,
காகிதம் சிக்கிக்கொண்டதுபோல் நடித்து.
அவன் காத்திருந்தான். வாங்கினான். போனான்.
போட்டானா, தெரியாது.

தெரு பிழைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள்.
ஆறு ஷட்டரில் ஒன்று பாதி ஏறியிருக்கிறது,
அவ்வளவுதான்.

நேற்று நகர மன்றத்திலிருந்து திரு. ஓங் வந்தார்.
பின்பக்கம் தீயணைப்புக்கான வழி,
பொருள் வைக்கக்கூடாது, பதினான்கு நாள் அவகாசம்.
ஒரே ஒரு பிரதி வைத்திருந்தார்.
பதினொன்று வேண்டும் என்றார்.
மூடிய கடைக்குமா?
விதி என்றார்.

பதினொன்று எடுத்துக் கொடுத்தேன், சூடாக.
ஐம்பத்தைந்து காசு.
எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்று கேட்டேன்.
மழை பெய்துகொண்டிருந்தது.
அவர் சட்டை நனைந்திருக்கவில்லை.