உச்சி குளிர

கிம்பலில் கூட்டம் பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது.
ஆர்டர் எனக்கு.
தானியக் கோபுரத்துக்கு எழுநூறு அடி வாளிப் பட்டை,
பேரிங் தனி.
லையல் பேரம்கூடப் பேசவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
காபிக் கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னார்:
"வெண்டல் இந்த வருஷம் வரலை."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஜெயித்த கையோடு கேட்கிற கேள்வியா அது.

அங்கிருந்து நெப்ராஸ்காவின் உச்சிக்குச் சரளைச் சாலை.
அந்த மைல்களுக்குக் கம்பெனி பணம் தராது.
பயணப் படிவத்தில்
"காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

அறுவடை ஓய்ந்து கோபுரங்கள் சும்மா நிற்கும்போதுதான்
பட்டை மாற்றுவார்கள்.
அதனால் என் சிகரங்கள் எல்லாம்
ஜனவரிச் சிகரங்கள்.
அயோவாவின் உச்சியில் மாட்டுத் தீவனத் தொட்டி ஒன்று,
நிறையப் பனி.
கான்சஸில் ரயில் ஆணிகளை வளைத்து ஒட்டிய சூரியகாந்தி;
எந்த டிகிரியிலும் வாடாது,
எந்தப் பக்கமும் திரும்பாது.

அங்கேதான் முதலில் பார்த்தேன், வருகைப் பதிவேட்டில்:
வெண்டல் டெக்கர், ஹேஸ். காற்று பலம்.
தேதி, இரண்டு நாள் முந்தியது.
அதே பட்டை, வேறு கம்பெனி.
மறுநாள் வாடிக்கையாளர் "யோசிச்சுச் சொல்றோம்" என்றபோது
எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அப்புறம் எங்கே போனாலும் இதே கதை.
மலையில் எனக்கு மேலே அவர் பெயர் என்றால்
கீழே ஊரில் ஆர்டர் அவருடையது.
அவர் பெயர் இல்லையென்றால்
நல்ல பேண்ட் போட்டுக்கொண்டு போவேன்.
வடக்கு டகோட்டாவில் முழங்கால் பனியில் ஏறி,
தகரப் பெட்டியைக் கல்லால் தட்டித் திறந்தால்
எனக்கே ஒரு வரி:
மார்லிஸ், பென்சில் கொண்டு வாங்க. பேனா உறைந்துபோகும்.

பதினோரு வருஷம்.
முகம் பார்த்ததில்லை.
எழுத்துகள் இடப்பக்கம் சாயும் என்று தெரியும்,
ஏழைக் குறுக்கே வெட்டுவார் என்று தெரியும்.

இன்று வாசலில் காட்டெருமைகள் எட்டு,
முதுகெல்லாம் பனி,
வழி விட மனமில்லை.
ஹாரன் அடித்தேன். ஒன்று திரும்பி
கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா மாதிரி பார்த்தது.
காத்திருந்தேன்.
புல்வெளி தட்டையாகத்தான் போனது, போய்க்கொண்டே இருந்தது,
ஓரிடத்தில் ஒரு கல்லும் ஒரு மேசையும்.
ஐயாயிரத்துச் சொச்சம் அடி.
இந்த உச்சிக்கு வர
நான் செய்ததெல்லாம் இறங்கியதுதான்:
காரிலிருந்து.

பதிவேடு புதியது.
அக்டோபரில் தொடங்கியிருக்கிறார்கள்.
ஒரு தம்பதி, ஒரு பள்ளிப் பையன்,
நாய் ஒன்றின் பாதத் தடம்.
முன்னும் பின்னும் இரண்டு முறை புரட்டினேன்.
நான்கு பக்கம் புரட்ட எவ்வளவு நேரம் ஆகும்?
அவ்வளவு நேரம் ஆனது.

எழுதப் போனால் பேனா உறைந்திருந்தது.
சொன்னார்தான்.
அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன்,
காய்ச்சல் பார்க்கிற குழந்தை போல,
ஒரு மாநிலத்துக்கே மேலே.
தூரத்தில் காற்றாலைகள்.
அவற்றுக்கு மட்டும் வேலை இருந்தது.

மை இளகியதும் தேதி எழுதினேன்.
ஒரு வரி விட்டு
அதற்குக் கீழே என் பெயர்.
விட்ட வரியில் காற்று பலம் என்று எழுதலாமா என்று பார்த்தேன்.
அது என் வாக்கியம் இல்லை.

பெரிய ஆர்டர், உச்சி குளிர வேண்டிய நாள்.
குளிரத்தான் செய்தது. தலையைத் தொட்டுப் பார்த்தேன்:
தொப்பி இல்லை.
லையல் மேசையில், கோப்பைக்குப் பக்கத்தில்
வைத்தபடியே வந்திருக்கிறேன்.

நல்லதாயிற்று.
திரும்பிப் போக
அது போதும்.