இரண்டாவது கடிகாரம்

ரெலாவ் நீச்சல் குளத்து டிக்கெட் கூண்டருகே
பச்சை மேசைமேல் பாரம்.
பெயர்: லோஷினி த/பெ முகுந்தன். வயது ஒன்பது.
இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்துவாரா?
இரவு ஷிப்ட் முடிந்து நேராய் வந்தவள் நான்.
பேனா மூடியைக் கடித்தபடி மகளைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
'ஆம்' கட்டத்தில் கோடு போட்டேன்.
எண்பது வெள்ளி.
அதில் இருபது, நேற்றைய ஓவர்டைம்.

தொப்பி தலையில் நிற்க மறுத்தது.
வெள்ளிக்கிழமை நான் தேய்த்துவிட்ட எண்ணெய்,
இடுப்பு வரைக்கும் முடி.
சுருட்டித் திணிக்கத் திணிக்க
வழுக்கிப் பறந்து, டொப்பென்று
யாரோ ஒரு பையனின் காலடியில் விழுந்தது.
எடுத்து வந்து கொடுத்தான், சிரிக்காமல்.
"உள்ளே பவுடர் போடுங்க ஆன்ட்டி,
எங்க அக்காவுக்கு அப்படித்தான்."
மலாயில் சொன்னான். பெயர் ஃபக்ருல்.
என் பையில் பவுடர் இருந்தது.
ஆலைக்குள் பூச அனுமதியில்லை,
வெளியே வந்ததும் முகத்துக்கென்று வைத்திருப்பது.

ஆறு பாதை, ஆறு தலை, விசில்.
ஐந்து பேர் மீனாய்ப் போனார்கள் என்று சொல்லமாட்டேன்,
பிள்ளைகளாய்த்தான் போனார்கள்,
தண்ணீரோடு அடிதடி.
என்னுடையவள் கடைசிப் பாதையில்,
கயிற்று மிதவைகளை ஒவ்வொன்றாய்
எண்ணிப் பார்க்கிறவள் போல.
பாதியில் ஒருமுறை
கை கயிறு பக்கம் போனது.
தொடவில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது.
இந்தத் தீவில் பிறந்தும்
கடலைப் பாலத்திலிருந்தும் ஃபெர்ரியிலிருந்தும்
பார்த்ததோடு சரி.
ஆனால் எண்ணத் தெரியும்.
பாயான் லெப்பாஸில் என் இயந்திரம்
ஒரு தட்டை எடுத்து, வைத்து, மூட
நாற்பது வினாடி.
பன்னிரண்டு மணி நேரம், பதினோரு வருஷம்.
தூக்கத்திலும் அது
பல்லுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் சுவரைத் தொட்டபோது
மற்றவர்கள் துண்டு போர்த்தியாயிற்று.
கோச் சியூ ஹூன் கடிகாரத்தைப் பார்த்து
உதட்டைக் கடித்தார்.
ஐந்தாவது பிள்ளையோடு நிறுத்தியிருக்கிறார்.
"அலமாக். மறுபடி நீந்தச் சொல்லவா?"
படியில் உட்கார்ந்திருந்தவளின் முதுகு
ஏறி ஏறி இறங்கியது.
"ஐம்பத்து நாலு," என்றேன்.
எப்படி என்றார். சொன்னேன்.
நம்பாமல், கடிகாரத்தை முதுகுக்குப் பின்னே மறைத்து,
"இப்ப எண்ணுங்க. முப்பது வந்ததும் சொல்லுங்க."
சொன்னேன்.
முன்னால் கொண்டுவந்து பார்த்தார்.
ஒன்றும் பேசாமல் அட்டையைப் புரட்டி
லோஷினிக்கு நேரே 54 என்று எழுதினார்.

காலையிலேயே இடி.
மூன்று விசில், குளம் காலி.
தகரக் கூரையடியில் ஈரப் பாதங்கள், மைலோ பெட்டிகள்,
ஒரு பாக்கெட் முறுக்குக்கு
மூன்று மொழியில் நீளும் கைகள்.
என் மகள் தொப்பியைக் கழற்றினாள்.
பவுடரும் எண்ணெயும் குழைந்து
தலை முழுக்கத் தோசை மாவு.
ஃபக்ருல் இப்போது சிரித்தான்.
அவளும்.

கோச் என்னிடம் வந்தார்.
கையில் இன்னொரு கடிகாரம், கயிறு நைந்தது.
"லீவு முடியும்வரை சனிக்கிழமையில
நேரம் பிடிக்க எனக்கு ஆளில்லை.
உங்களுக்குத் தூக்கம் வராதா?"
வரும் என்றேன்.
வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

மழை விட்டபின் மோட்டார்சைக்கிளில்
என் முதுகில் ஈரத் தலை சாய்த்துக் கேட்டாள்:
"பாரத்துல ஏன்மா 'ஆம்'னு போட்டே?
நான் ஒருதடவைகூட முழுசா நீந்துனதில்லையே."
சிவப்பு விளக்கு.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
"பசியாறிட்டுப் போவோமா?" என்றேன்.