ஒன்பது ஒட்சிசன்

தாளொன்றுக்குப் பன்னிரண்டு ரூபா.
கொக்குவில் ரியூட்டரியின் நூற்று நாற்பது தாளையும்
விடியமுதல் திருத்திக் கட்டிவைக்க வேணும்.
அறுபத்து மூன்றாவது, சாருகேசன்.

கேள்வி லேசு. பியூட்டேன் எரிகிறது, சமப்படுத்துக.
இருபத்தொன்பது கிராம் எரிந்தால்
வருகிற காபனீரொட்சைட்டு எவ்வளவு,
செலவாகும் ஒட்சிசன் எவ்வளவு.

மற்றவர்கள் ஆறரையில் முட்டி நின்றிருந்தார்கள்.
அரை மூலக்கூறை எங்கே வைப்பதென்று
அழித்தழித்துத் தாளை ஓட்டையாக்கியவர்களும் உண்டு.
முழுவதையும் இரண்டால் பெருக்கு, அவ்வளவுதான் என்று
எழுதியெழுதியே ஒரு சிவப்புப் பேனா தீர்ந்தது.

இவனுக்கு அரை பிடிக்கவில்லை.
தண்ணீரின் காலடியில்
சின்னதாய் இன்னொரு இரண்டைச் செருகிவிட்டு
இடப்பக்கம் ஒன்பது ஒட்சிசன் என்றான்.
எண்ணிப் பார்த்தேன்.
காபன் நாலுக்கு நாலு,
ஐதரசன் பத்துக்குப் பத்து,
ஒட்சிசன் பதினெட்டுக்குப் பதினெட்டு.
ஒரு அணுவும் களவு போகவில்லை.
கீழே இரட்டைக் கோடு, "சரிபார்த்தேன்" என்று வேறு.

கணக்குச் சரி.
ஆனால் குளிர்ந்த கேத்தலின் அடியில் வியர்ப்பது
இப்போது தண்ணீர் இல்லை,
பக்கத்துச் சலூனில் மயிரைச் செம்பட்டையாக்கும் சரக்கு.

முதல் விடை எண்பத்தெட்டு கிராம்.
அது சரி!
பிழையான ஒழுங்கையால் வந்து
சரியான வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறான்.
இரண்டாவது, நூற்று நாற்பத்து நாலு.
நாற்பது கிராம் கூட.
அந்த நாற்பதையும் எந்த ஊரில் கடன் வாங்கினானோ.

இரண்டு மணிக்கு அடுப்பின் நீலம் ஒடுங்கி
பொக்கென்று அணைந்தது.
சிலிண்டரைச் சரித்துக் குலுக்கினேன்.
யன்னலுக்கு வெளியே
யாழ்ப்பாணத்து ஒட்சிசன் முழுக்க
வேலையில்லாமல் நின்றது.
எல்லைப்படுத்தும் தாக்கி: பத்தாம் கேள்வி.
ஒருவரும் தொடாத கேள்வி.
அரைச்சூட்டுத் தண்ணீரில் தேயிலையைப் போட்டு
நான் அதற்கு விடையெழுதினேன்.

பிறகு அவன் தாளின் ஓரத்தில்:
"தம்பி, முன்னாலை நிக்கிற எண்ணை
எவ்வளவும் மாத்து.
காலடியிலை கிடக்கிறதிலை கை வைச்சால்
ஆளே வேறை."

எட்டுக்கு மூன்று போட்டேன்.
அந்த "சரிபார்த்தேன்" கண்ணில் பட, நாலாக்கினேன்.
நாலு கூட, மூன்று குறைவு.
அரைப் புள்ளி வழங்கப்படமாட்டாது என்று
புள்ளித்திட்டத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

அறுபத்து நாலாவது தாள்.
ஆறரை.