நாற்காலி கிறீச்சிடும் இடம்

இரண்டாம் முறை போனால்
கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன்.
வடபழனியில், இரவுக் காட்சி, ஓரத்து இருக்கை.
பக்கத்தில் பாப்கார்ன் மெல்கிறவர்
"தூங்கவா சார் நூத்தித் தொண்ணூறு ரூபா?" என்கிறார்.

வசனத்துக்கு அடியில்
செல்லோ ஒன்று தனியாக நடந்து போகிறது.
நாயகன் கத்துகிறான்.
கொஞ்சம் வாயை மூடேன்.

ஜெரால்டு ஒத்துக்கொள்ள மாட்டான்:
"அந்தப் பொண்ணுக்கு அழத் தெரியல,
நாப்பது வயலின வெச்சு நம்மள அழ வெக்கிறாங்க.
கைமாத்து வாங்கின கண்ணீர்டா."
பெரம்பூர் பாலம் இறங்கும்வரை சண்டை.
வண்டி பஞ்சரானது, தள்ளிக்கொண்டே சண்டை.

இடைவேளைக்குப் பிறகு ஓர் இடம் உண்டு.
வயலின்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்து நிற்க,
அடுத்த சுரத்துக்கு முன்
யாரோ ஒரு வாத்தியக்காரரின் நாற்காலி
மெல்லக் கிறீச்சிடும்.
பிழைதான். யாரும் அழிக்கவில்லை.
அதற்காகவே ஐந்து முறை போய்விட்டேன்.

போன ஆடியில், அண்ணன் இறந்த இரவு,
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
டாக்டர் முகக்கவசத்தை இறக்கியதும்
நான் காத்திருந்தேன்.
வெட்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்:
எங்கிருந்தாவது, சன்னமாக,
ஓபோ ஒன்று நுழையுமென்று.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
லிஃப்ட் தன் பொம்மைப் பாட்டோடு
கதவைச் சாத்தச் சொல்லிக் கெஞ்சியது.
அண்ணி எழுந்தாள்.
அவள் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி

ஜெரால்டிடம் இதைச் சொன்னதில்லை.
நாளை காலைக் காட்சிக்கு
இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.
அந்த ஓரிடத்தில் மட்டும்
அவன் பேசாமல் இருந்தால் போதும்.